தரவுத்தளத்துக்கு எந்த இயங்குதளம், எந்த ஃபைல்சிஸ்டம்? அளந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது

புதிதாக ஒரு சர்வர் வந்திருக்கிறது. அதில் போஸ்ட்கிரெஸோ மைஎஸ்கியூஎல்லோ ஓடப்போகிறது. லினக்ஸ் போடலாமா, ஃப்ரீபிஎஸ்டி போடலாமா, விண்டோஸிலேயே இருந்துவிடலாமா? டேட்டாவை எந்த ஃபைல்சிஸ்டத்தில், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் எந்த முறையில் வைப்பது: எக்ஸ்ட்4-இலா, எக்ஸ்எஃப்எஸ்ஸிலா, இசட்எஃப்எஸ்ஸிலா? தேடினால் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) வரைபடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றில் முதலிடம் பிடித்தது இன்னொன்றில் கடைசியில் கிடக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் ஒன்று, டிஸ்க் ஒன்று, தரவுத்தளத்தின் பதிப்பும் ஒன்று என்று இருந்தும் இரண்டு தேர்வுகளுக்கு நடுவே எழுதும் வேகம் பல மடங்கு வேறுபட்டால், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தனவா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒன்று ஒவ்வொரு கமிட்டையும் (இறுதியாக்கிய மாற்றத்தையும்) டிஸ்க்கில் உறுதியாகப் பதித்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கும். மற்றொன்று பதித்ததாகச் சொல்லிவிட்டு நினைவகத்திலேயே வைத்திருக்கும். இதைச் சமன் செய்யாமல் எடுத்த எண்ணை வைத்து முடிவெடுக்கவே கூடாது. சமன் செய்த பிறகு மிஞ்சும் வித்தியாசம் பல நேரம் சிறியதுதான். அப்போது தேர்வைத் தீர்மானிப்பவை வேறு காரணங்கள்.

ஒரு கமிட் முடிவதற்குள்

போஸ்ட்கிரெஸில் ஒரு பரிவர்த்தனை கமிட் ஆகும்போது, மாறிய பக்கங்கள் (தரவுத்தளம் டேட்டாவைக் கையாளும் துண்டுகள்) உடனே டேட்டா ஃபைலுக்குப் போவதில்லை. என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும் டபிள்யூஏஎல் என்ற லாக்கில் எழுதப்படுகிறது. அப்புறம் இயங்குதளத்திடம் எஃப்டேட்டாசிங்க் அழைப்பு போகிறது: இதுவரை எழுதியதை டிஸ்க்கில் சேர்த்துவிட்டு வந்து சொல். இயங்குதளம் தன்னிடம் இருப்பதை டிஸ்க்குக்கு அனுப்பி, டிஸ்க்கின் சொந்த கேஷையும் (தற்காலிக நினைவகத்தையும்) காலி செய்யச் சொல்லி, அது முடிந்ததும்தான் திரும்ப வேண்டும். கிளையன்ட்டுக்குப் பதில் அதற்குப் பிறகே. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம்: இயங்குதளம், ஃபைல்சிஸ்டம், ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் அட்டை), டிஸ்க், மெய்நிகர் இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸ்ட்.

பொய்யைப் பிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும்; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஒரே ஒரு கிளையன்ட் ஒன்றன் பின் ஒன்றாகக் கமிட் செய்தால், சுற்றுக்கு ஒரு கமிட் என்ற கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 120-தான் உச்சம். கேஷ் பேட்டரி உள்ள ரெய்டு கார்டு எதுவும் நடுவில் இல்லாமல், அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஒரு கிளையன்ட்டுக்கு நொடிக்கு இரண்டாயிரம் கமிட் என்று வந்தால், அது நல்ல செய்தி இல்லை.

எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வராது. சர்வர்களுக்கான எஸ்எஸ்டியில் மின்தடைக் காப்புக் கெபாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போனாலும் உள் கேஷில் இருப்பதை எழுதி முடிக்க அவை போதும் என்பதால், கேஷில் உள்ளதை எழுதச் சொல்லும் ஃப்ளஷ் கேட்டதும் அது உடனே ஆம் சொல்லலாம். அது நியாயமான ஆம். அந்தக் கெபாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் உண்மையாகவே எழுத வேண்டும், அதனால் பல மடங்கு மெதுவாகும். ஆக, மேஜைக் கணினியில் எடுத்த ஃபைல்சிஸ்டம் ஒப்பீட்டை சர்வருக்குப் பொருத்துவதில் அர்த்தமே இல்லை. கமிட் நேரத்தில் பெரும் பங்கு டிஸ்க்கினுடையது.

இயங்குதளங்களின் பழக்கமும் வேறுபடும். மேக்ஓஎஸ்ஸில் எஃப்டேட்டாசிங்க் போன்ற சாதாரண எஃப்சிங்க் அழைப்பு, டிஸ்க்கின் கேஷைக் காலி செய்யச் சொல்வதில்லை. அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனி வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் அதை எஃப்சிங்க்_ரைட்த்ரூ என்ற அமைப்பால் கேட்டு வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் மேக்கையும் லினக்ஸையும் எழுதும் வேகத்தில் ஒப்பிட்டால் மேக் ஜெயிக்கும். அந்த வெற்றிக்கு மதிப்பு கிடையாது. லினக்ஸுக்குள்ளேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்ட்4-க்கு முந்தைய எக்ஸ்ட்3-இல் ரைட் பேரியர் (கேஷைக் காலி செய்து எழுத்தின் வரிசையைக் காக்கும் ஏற்பாடு) நெடுங்காலம் டிஃபால்ட்டாக அணைந்தே இருந்தது. எக்ஸ்ட்4 அதை டிஃபால்ட்டாகப் போட்டது. அந்த மாற்றத்தின்போது அளந்தவர்களுக்குப் புதிய ஃபைல்சிஸ்டம் மந்தமாகத் தெரிந்தது. உண்மையில் அது பழையது தட்டிக்கழித்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மைஎஸ்கியூஎல் பக்கம் இதே கதைதான். அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 1 என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக் டிஸ்க்குக்குப் போகும்; 2 என்றால் நொடிக்கு ஒருமுறைதான் ஃப்ளஷ். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 என்று இருந்தால் ஃபைல்சிஸ்டத்தை ஒப்பிட்டதாகவே ஆகாது.

அதனால் முதல் வேலை, போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை ஒவ்வொரு தேர்விலும் ஓட்டுவது. டேட்டா எங்கே இருக்கப்போகிறதோ அதே இடத்தில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நொடிக்கு எத்தனை ஃப்ளஷ், ஒன்றுக்கு எத்தனை மைக்ரோநொடி என்று சொல்லும். ஒரே டிஸ்க்கில் ஒரு ஃபைல்சிஸ்டம் மட்டும் நம்ப முடியாத எண் காட்டினால், அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். மேலே போக வேண்டாம்.

எக்ஸ்ட்4-ஆ, எக்ஸ்எஃப்எஸ்ஸா

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எக்ஸ்ட்4 2008 கடைசியில் லினக்ஸ் 2.6.28-இல் நிலையான பதிப்பானது. எக்ஸ்எஃப்எஸ் அதைவிட மூத்தது. 1990-களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஐரிக்ஸுக்காக எழுதியது. ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் (2014) அங்கே அதுதான் டிஃபால்ட். டெபியனிலும் உபுண்டுவிலும் எக்ஸ்ட்4. இரண்டும் எழுதிய இடத்திலேயே மாற்றி எழுதுபவை, இரண்டும் ஃப்ளஷை ஒழுங்காகச் செய்பவை. சாதாரண போஸ்ட்கிரெஸ் சுமையில் இரண்டுக்கும் நடுவே தெரியும் வித்தியாசம், ஒரே சோதனையை இரண்டு முறை ஓட்டினால் வரும் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிப்போவதே வழக்கம்.

இயங்குதளம் ஃபைல்களுக்காக வைத்திருக்கும் பேஜ் கேஷைத் தாண்டி நேரடியாக எழுதும் இன்னோடிபி, பெரிய ஃபைல்கள், நிறைய த்ரெட்கள், பல என்விஎம்ஈ (அதிவேக எஸ்எஸ்டி) டிஸ்க்குகள் என்று வரும்போது எக்ஸ்எஃப்எஸ் கொஞ்சம் முன்னே நிற்கும். இடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து இணையாக ஒதுக்கும்படி அதன் கட்டமைப்பு ஆரம்பத்திலேயே அமைந்தது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் அளவை நடைமுறையில் குறைக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; எக்ஸ்ட்4-இன் அளவை அன்மவுன்ட் செய்துவிட்டுக் குறைக்கலாம். மற்றபடி உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் விநியோகத்தின்) டிஃபால்ட் எதுவோ அதையே வையுங்கள்.

ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்னும் நோஏடைம் போட்டால் வேகம் கூடும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. 2009 முதலே லினக்ஸில் அந்த நேரத்தை அரிதாகவே குறிக்கும் ரிலேடைம்தான் டிஃபால்ட் என்பதால், அதில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம்.

இசட்எஃப்எஸ்: எண்ணைப் பார்க்கும் முன் அமைப்பைப் பாருங்கள்

ஒப்பீடுகளில் மிக அதிகமாக அநியாயத்துக்கு ஆளாவது இதுதான், இரண்டு திசையிலும்.

இசட்எஃப்எஸ் இருக்கும் இடத்தில் மாற்றி எழுதாது. மாறியதைப் புதிய இடத்தில் எழுதி, பிறகு சுட்டியை மாற்றும். அது எழுதும் அலகு ரெக்கார்ட்சைஸ். டிஃபால்ட் 128 கேபி. போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கேபி, இன்னோடிபியின் பக்கம் 16 கேபி. டிஃபால்ட்டிலேயே விட்டுவிட்டு, பெரிய அட்டவணையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகளை மாற்றினால், ஒவ்வொரு 8 கேபி பக்கத்துக்கும் அதைச் சுற்றியுள்ள 128 கேபியையும் கேஷில் இல்லையென்றால் படித்து, செக்சம் (பிழை கண்டறியும் எண்) போட்டு, புதிதாக எழுத வேண்டும். பதினாறு மடங்கு வேலை. இசட்எஃப்எஸ் படுமந்தம் என்று காட்டும் வரைபடங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு அமைப்புதான். ரெக்கார்ட்சைஸை மாற்றினால் அதற்குப் பிறகு உருவாகும் ஃபைல்களுக்கே அது பொருந்தும். டேட்டாவை ஏற்றிய பிறகு மாற்றிவிட்டு மறுபடி அளந்தால் எதுவும் மாறியிருக்காது.

சரி, 8 கேபி என்று வைத்துவிட்டால் முடிந்ததா? அங்கே டேட்டாவைச் சுருக்கி எழுதும் வசதி குறுக்கே வருகிறது. டிஸ்க்கின் செக்டார் (எழுதும் மிகச் சிறிய அலகு) 4 கேபி என்றால், 8 கேபி ரெக்கார்டு சுருங்கினாலும் டிஸ்க்கில் 4 கேபி அல்லது 8 கேபி என்றுதான் உட்கார முடியும். 5 கேபிக்குச் சுருங்கினால் லாபம் பூஜ்யம். 16 அல்லது 32 கேபி வைத்தால் சுருக்கம் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிதறிய எழுத்துகளுக்குக் கூடுதல் வேலை. உங்கள் டேட்டாவை வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க முடியும். படிப்பதே அதிகம் என்றால் 32 பக்கம் சாய்வேன்; மாற்றுவதே அதிகம் என்றால் 8 அல்லது 16.

இன்னொரு பக்கம், இசட்எஃப்எஸ்ஸுக்குச் சாதகமாக எண் பொய் சொல்லும் இடமும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸோடு வரும் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச் உருவாக்கும் அக்கவுன்ட்ஸ் அட்டவணையில் ஃபில்லர் என்று 84 எழுத்து நீள நெடுவரிசை இருக்கும். உள்ளே வெறும் இடைவெளிகள். இசட்எஃப்எஸ்ஸின் எல்இசட்4 சுருக்கம் அதைக் கசக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். சோதனையில் மொத்த டேட்டாவும் கேஷுக்குள் அடங்கிப் பறக்கும். நிஜ டேட்டா, அதிலும் ஏற்கெனவே சுருக்கிய படமோ மறைகுறியாக்கிய தகவலோ இருந்தால், அப்படிச் சுருங்காது. ஃபில்லரில் தற்போக்கான எழுத்துகளை நிரப்பிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எண் தரைக்கு இறங்கும்.

எழுதிய இடத்தின்மேல் எழுதாததால் இசட்எஃப்எஸ்ஸில் பாதி எழுதிய பக்கம் என்ற ஆபத்து இல்லை. அதனால் அந்த ஆபத்துக்குக் காப்பாக உள்ள போஸ்ட்கிரெஸின் ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் அமைப்பையும், பக்க அளவும் ரெக்கார்ட்சைஸும் பொருந்தியிருந்தால் இன்னோடிபியின் டபுள்ரைட்டையும் அங்கே அணைக்கலாம். எக்ஸ்ட்4-இலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் அணைக்கக் கூடாது. இங்கே ஒப்பீட்டு நியாயம் தலைகீழாகிறது: இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு என்று வைத்தால் அதுவே இசட்எஃப்எஸ்ஸுக்கு அநியாயம். உறுதி ஒரே அளவு இருக்க வேண்டும், அதற்கு எந்த அமைப்பு வேண்டுமோ அது. போஸ்ட்கிரெஸ் 12 முதல் டபிள்யூஏஎல் ஃபைல்களை மறுபயன்பாடு செய்வதையும் பூஜ்யத்தால் நிரப்புவதையும் நிறுத்த முடிகிறது. இப்படிப்பட்ட ஃபைல்சிஸ்டங்களுக்காகவே வந்த வசதி அது. சிங்க்=டிஸேபிள்டு என்ற அமைப்பை மட்டும் ஒப்பீட்டில் தொடவே வேண்டாம்; அது ஃப்ளஷ் கேட்டால் செய்யாமலேயே ஆம் சொல்லும்.

இவ்வளவும் சரியாக வைத்த பிறகும், தூய எழுதும் சுமையில் இசட்எஃப்எஸ் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும். பதிலுக்கு ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், நொடியில் ஸ்நாப்ஷாட் (அந்தக் கணத்தின் நகல்), அதை வேறு இயந்திரத்துக்கு அனுப்பும் வசதி, சுருக்கம். சில டெராபைட் தரவுத்தளத்தின் நகலை நொடியில் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க முடிவது, நொடிக்குச் சில நூறு பரிவர்த்தனைகளைவிடப் பெரிது என்று நினைக்கும் குழுக்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான், சர்வரில் போதிய ரேம் இருந்தால்.

பட்டர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டமும் மாறியதைப் புதிய இடத்தில் எழுதும் வகைதான், ஆனால் தரவுத்தளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்ந்து மாறும் பெரிய ஃபைல்கள் அதில் துண்டு துண்டாகச் சிதறும். அதைத் தவிர்க்க, புதிய இடத்தில் எழுதுவதை நிறுத்தும் நோடேட்டாகவ் போட்டால் அந்த ஃபைல்களுக்கு செக்சமும் சுருக்கமும் போய்விடும். அப்புறம் எதற்கு அது? ரெட்ஹேட் 2019-இல் வந்த பதிப்பு 8-இல் அதை நீக்கியே விட்டது. ஃபெடோரா டெஸ்க்டாப்பில் 33-ஆம் பதிப்பிலிருந்து அதுதான் டிஃபால்ட். தெரியாமலே அதன்மேல் பெஞ்ச்மார்க் ஓட்டிவிட்டு லினக்ஸ் மந்தம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இயங்குதளம்

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இன்னோடிபி நேரடி எழுத்து முறையில் ஓடும்போது தன் கேஷைத் தானே பார்த்துக்கொள்கிறது. இயங்குதளத்தின் பேஜ் கேஷுக்கு அங்கே வேலை குறைவு. போஸ்ட்கிரெஸ் பேஜ் கேஷை நம்பி வாழ்கிறது. அதனால் இயங்குதள வித்தியாசம் போஸ்ட்கிரெஸில் பளிச்சென்று தெரியும், மைஎஸ்கியூஎல்லில் மங்கும். ஒன்றில் எடுத்த முடிவை மற்றொன்றுக்கு மாற்றிப் போட முடியாது.

லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும்: ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 (2020) முதல் இரண்டுக்கும் ஒரே இசட்எஃப்எஸ் மூலநிரல். ஆக, மிஞ்சுவது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வித்தியாசம். அது எவ்வளவு நுட்பமான இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்குப் போஸ்ட்கிரெஸ் 9.3 (2013) நல்ல பாடம். அதுவரை சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய முறையில் எடுத்த பகிர்வு நினைவகத்தை (எல்லா ப்ராசஸ்களுக்கும் பொதுவான நினைவகத்தை) அந்தப் பதிப்பு எம்மேப் என்ற வேறு வழிக்கு மாற்றியது. லினக்ஸில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஃப்ரீபிஎஸ்டியில், பல கோர்கள் உள்ள இயந்திரங்களில், வேகம் விழுந்தது. அங்கே பழைய வழிக்கென்றே செய்து வைத்த மேம்பாடு பயனற்றுப் போனதுதான் காரணம். பிறகு போஸ்ட்கிரெஸ் 12-இல் ஷேர்டு_மெமரி_டைப் என்ற அமைப்பு வந்து, பழைய வழியைத் திரும்பத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இரண்டு பதிப்புகளுக்கு நடுவே எடுத்த இயங்குதள ஒப்பீடு எப்படிக் காலாவதியாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வேகத்துக்கு வெளியேயும் ஒரு வித்தியாசம் உண்டு, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. டிஸ்க்கில் எழுதும்போது பிழை வந்தால், லினக்ஸ் அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடும். பிழையை ஒருமுறை சொன்ன பிறகு, அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும். ஃப்ரீபிஎஸ்டி அவற்றை எழுத வேண்டியவை என்றே வைத்திருக்கும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் குழுவுக்கு இது பெரிய தலைவலியானது. 2019 பிப்ரவரி பதிப்புகள் முதல், எஃப்சிங்க் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் தன்னை நிறுத்திக்கொண்டு டபிள்யூஏஎல்லிலிருந்து மீள்கிறது.

போஸ்ட்கிரெஸ் 18-இல் வந்த ஒத்திசைவற்ற படிப்பு (ஒன்று வரும்வரை காத்திராமல் அடுத்ததையும் படிக்கக் கேட்பது) லினக்ஸில் கெர்னலின் ஐஓ_யூரிங் வசதி வழியாகவும் ஓடும். மற்ற இடங்களில் தனி ப்ராசஸ்கள் படித்துத் தரும் வொர்க்கர் முறைதான். இயங்குதள இடைவெளி இன்னும் கொஞ்சம் லினக்ஸ் பக்கம் சாய இது ஒரு காரணமாகலாம்.

விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்ற அதன் அமைப்பு விண்டோஸுக்குக் கனமானது. பிஜிபெஞ்சில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய இணைப்பு என்று வைத்து ஓட்டினால் அது உடனே தெரியும். டேட்டா ஃபோல்டரை ஆன்டிவைரஸிலிருந்து விலக்காமல் எடுத்த எண் ஆன்டிவைரஸின் எண். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் வேண்டும் என்றால் விண்டோஸில் 64 கேபி அலகு வைத்த என்டிஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம்; 2017 பதிப்பு முதல் அது லினக்ஸிலும் ஓடுகிறது, எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டின் மேலும்.

அளக்கும்போது

பிஜிபெஞ்சில் டேட்டாவின் அளவைச் சொல்லும் ஸ்கேல் 1 என்றால் அக்கவுன்ட்ஸில் ஒரு லட்சம் வரிகள். ஸ்கேல் 1000 ஏறத்தாழ 15 ஜிபி. 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் ஸ்கேல் 100 போட்டுப் படிக்கும் வேகத்தை ஒப்பிட்டால் எந்த ஃபைல்சிஸ்டமும் சோதனைக்குள் வரவே இல்லை, ரேமைத்தான் அளந்தீர்கள். ரேமைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய டேட்டா ஒன்று, ரேமுக்குள் அடங்கும் டேட்டா ஒன்று என்று இரண்டும் தேவை. கிளையன்ட்களின் எண்ணிக்கை ஸ்கேலைத் தாண்டினால், எல்லோரும் பிராஞ்சஸ் அட்டவணையின் சில வரிகளுக்காக வரிசையில் நிற்பார்கள். அப்போது அளக்கப்படுவது அந்த வரிகளின் பூட்டுதான் (ஒரு நேரத்தில் ஒருவரே மாற்றலாம் என்ற தடை).

நேரம் போதாமல் எடுப்பதுதான் அடிக்கடி காணும் குறை. எதுவும் சொல்லாவிட்டால் பிஜிபெஞ்ச் கிளையன்ட்டுக்குப் பத்துப் பரிவர்த்தனை மட்டும் ஓட்டிவிட்டு நின்றுவிடும். மாறிய பக்கங்களை மொத்தமாக டேட்டா ஃபைலுக்கு எழுதும் செக்பாயின்ட்டின் இடைவெளி டிஃபால்ட்டாக 5 நிமிடம். ஒரு நிமிடச் சோதனையில் அது வராமலே போகலாம். செக்பாயின்ட் தொடங்கிய பிறகு ஒவ்வொரு பக்கமும் முதன்முதலில் மாறும்போது முழுப் பக்கமும் லாக்குக்குப் போகும். ஃபைல்சிஸ்டங்கள் உண்மையில் வேறுபடுவது அந்த நேரத்தில்தான். குறைந்தது அரைமணி நேரம், பல செக்பாயின்ட்கள் அடங்கும்படி ஓட்டுங்கள். சாதாரண எஸ்எஸ்டியில் ஆரம்பத்தில் பறக்கும் எஸ்எல்சி கேஷ் (எழுத்தை முதலில் வாங்கும் சிறிய வேகப் பகுதி) தீர்ந்த பிறகுள்ள வேகமும் அப்போதுதான் வெளிவரும்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பிஜிபெஞ்ச் முடிவில் சராசரித் தாமதமும் விலகலும்தான் தரும். நூற்றில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரிய லாக்கை எழுதவைத்து நீங்களே கணக்கிட வேண்டும். முழு வேகத்தில் ஓட்டுவதோடு, ரேட் அமைப்பால் உச்சத்தில் பாதி அளவு சுமை கொடுத்தும் ஓட்டுங்கள். நிஜ சர்வர் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும்.

சிபியுவின் வேகத்தை நிர்ணயிக்கும் கவர்னர் ஒரு இயங்குதளத்தில் மின்சேமிப்பிலும் மற்றொன்றில் முழு வேகத்திலும் இருந்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் டிஸ்க்கை ட்ரிம் செய்து (பழைய பிளாக்குகள் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லி), புதிதாக ஃபார்மேட் செய்து, டேட்டாவை மறுபடி ஏற்றுங்கள். ஒன்றை மூன்று முறையாவது ஓட்டுங்கள். அந்த மூன்றுக்குள்ளேயே 5 சதவீதம் ஆடினால், இரண்டு ஃபைல்சிஸ்டங்களுக்கு நடுவே தெரியும் 3 சதவீதத்துக்குப் பொருள் இல்லை.

என் தேர்வு

புதிய போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் சர்வர், தனிப்பட்ட தேவை எதுவும் இல்லை என்றால்: லினக்ஸ், டிஸ்ட்ரோவின் டிஃபால்ட்டான எக்ஸ்எஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4, மின்தடைக் காப்புள்ள எஸ்எஸ்டி. ஃபைல்சிஸ்டத்தை மாற்றிப் பெறும் லாபத்தைவிட நல்ல டிஸ்க்கால் பெறும் லாபம் பெரிது. ஸ்நாப்ஷாட்டும் செக்சமும் தேவை என்றால் இசட்எஃப்எஸ்; லினக்ஸில் அது கெர்னலுக்கு வெளியே இருந்து வரும் மாட்யூல் என்பதால் ஒவ்வொரு கெர்னல் மேம்பாட்டையும் கவனிக்க வேண்டும், ஃப்ரீபிஎஸ்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஃப்ரீபிஎஸ்டி தெரிந்த குழு என்றால், சில சதவீதத்துக்காக லினக்ஸுக்கு ஓட வேண்டாம். நிரல் எழுதும் மேக்கில் எண் எடுத்து சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கன்டெய்னர் போட்டாலும் அங்கே நடுவில் ஒரு மெய்நிகர் இயந்திரம் உட்கார்ந்திருக்கும்.

தேர்ந்தெடுத்ததைக் கடைசியாக ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். எழுதிக்கொண்டே இருக்கும் சிறு நிரல் ஒன்றை வேறொரு இயந்திரத்திலிருந்து ஓட்டி, கமிட் ஆனதாகப் பதில் வந்த ஒவ்வொரு வரிசை எண்ணையும் அந்த இயந்திரத்திலேயே குறித்துவையுங்கள். சுமை உச்சத்தில் இருக்கும்போது சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். ரீபூட் வேண்டாம், பிளக்கையே. மறுபடி எழுந்ததும் குறிப்பில் உள்ள எண்களை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சில முறை செய்து பார்த்து, ஒரே ஒரு வரி காணாமல் போயிருந்தாலும், அந்த டிஸ்க்கும் ஃபைல்சிஸ்டமும் அமைப்பும் சேர்ந்த கூட்டணியை எவ்வளவு வேகமாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.